புதிய மொந்தையில் பழைய மருந்து: முதல் கட்டச் சோதனைக்குச் சம்மதிப்பதா?

இரண்டு மூன்று வகைக் கீமோ கொடுத்துப் பார்த்தாயிற்று. கடைசி ஸ்கேனில் கட்டி மறுபடி வளர்ந்திருக்கிறது. அப்போது மருத்துவர் சொல்கிறார்: “ரொம்ப நாளாகப் புழக்கத்தில் இருக்கும் மருந்துதான். புது வடிவத்தில் தயாரித்திருக்கிறார்கள். முதல் கட்டச் சோதனை நடக்கிறது, சேர்ந்துகொள்கிறீர்களா?” வீட்டார் மனதில் நிற்பது முதல் வாக்கியம்தான். தெரிந்த மருந்து, ஆகவே பயமில்லை. வேறு சிலர் நேர் எதிராக நினைப்பார்கள்: புதிய மொந்தையில் பழைய கள், இதனால் என்ன ஆகிவிடப் போகிறது?

இரண்டு கணக்குமே பிசகு. மொந்தையை மாற்றினால் கள் மாறாது. கீமோவில் அப்படியில்லை. மருந்து உடம்பில் எங்கே போகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, எந்த உறுப்பை முதலில் வாட்டுகிறது என்பதை உறைதான் பெருமளவு தீர்மானிக்கிறது.

இந்த இடத்தில் நிற்பவர் முன் பெரும்பாலும் நான்கு வழிகள் இருக்கும். அங்கீகாரம் பெற்ற வேறொரு கீமோ மிச்சமிருந்தால் அது ஒன்று. வடிவம் மாற்றிய பழைய மருந்தின் சோதனை இன்னொன்று. மனித உடம்புக்குள் இதுவரை போகாத புத்தம்புது மூலக்கூறின் சோதனை மூன்றாவது. கட்டிக்கு எதிரான மருந்தை நிறுத்திவிட்டு, வலியையும் மூச்சிரைப்பையும் தணிக்கும் சிகிச்சையோடு இருப்பது நான்காவது. தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எதை வைத்துச் சாய்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடலாம்.

உறை மாறினால் என்ன மாறுகிறது

பாக்லிடாக்சலின் கதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. அது தண்ணீரில் கரையாத மருந்து. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானிலும் ஆல்கஹாலிலும் கரைத்துத்தான் நரம்பில் ஏற்ற முடிந்தது. தொடக்கச் சோதனைகளில் சிலருக்கு ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு வந்தது. மருந்தைக் கைவிட்டுவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. ஸ்டீராய்டையும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்துகளையும் முன்கூட்டியே கொடுத்து, மணிக்கணக்கில் மெதுவாக ஏற்றித்தான் 1992-ல் அமெரிக்க அங்கீகாரம் வரை அதைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணம் மருந்தல்ல, கரைப்பான்.

பிறகு அந்தக் கரைப்பானையே ஒழித்துவிட்டு, நம் ரத்தத்தில் இயல்பாகவே இருக்கும் அல்புமின் புரதத்தோடு மருந்தைச் சேர்த்துச் சுமார் 130 நானோமீட்டர் துகள்களாக்கினார்கள். 2002-ல் வெளியான அதன் முதல் கட்டச் சோதனையில் இருந்தவர்கள் 19 பேர்தான். முன்மருந்து எதுவும் கொடுக்கவில்லை. திடீர் ஒவ்வாமை ஒருவருக்கும் வரவில்லை. உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 135 மில்லிகிராமில் தொடங்கி 375 வரை ஏறிப் பார்த்தார்கள். 375-ல் கைகால் மரத்துப்போவது, வாய்ப்புண், கருவிழி மேற்பரப்பில் பாதிப்பு எல்லாம் தலைகாட்டின. தாங்கக்கூடிய உச்சம் 300 என்று முடிவானது. பழைய வடிவத்தின் வழக்கமான டோஸ் 175. அந்தச் சோதனையின் கீழ்ப்படியான 135-கூட பழைய வடிவத்தில் ஏற்கெனவே புழங்கிய அளவுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2005-ல் அது அங்கீகாரம் பெற்றது, 260 மில்லிகிராம் டோஸில், அரை மணி நேரத்தில் ஏற்றும் மருந்தாக. பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 454 பேரிடம் இரண்டு வடிவங்களையும் ஒப்பிட்டதில், கட்டி சுருங்கியவர்கள் புதிய வடிவத்தில் 33 சதவீதம், பழையதில் 19. வெள்ளணுக்கள் மிகக் கடுமையாகச் சரிந்தவர்கள் புதியதில் 9 சதவீதம், பழையதில் 22. இது வரைக்கும் புதியதே மேல். ஆனால் கடுமையான நரம்புப் பாதிப்பு புதியதில் 10 சதவீதம், பழையதில் 2. பழைய மருந்தை வாரம் ஒருமுறை கொடுக்கும் முறையோடு பின்னர் மோதவிட்டுப் பார்த்தபோது, புதிய வடிவம் மேலானது என்று நிறுவ முடியவில்லை; பக்க விளைவுதான் கூடியது. ஒரு மருந்து ஜெயித்ததா என்று கேட்கும்போது எதனோடு மோதி ஜெயித்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

டாக்சோரூபிசினுக்கும் இதே கதி. இதயத்தைப் பலவீனமாக்கும் மருந்து என்று பேரெடுத்தது. கொழுப்பு உருண்டைக்குள் அடைத்த லிப்போசோம் வடிவம் 1995-ல் வந்தது. 2004-ல் வெளியான, 509 பெண்களைக் கொண்ட ஒப்பீட்டில் இதயப் பாதிப்பு தெளிவாகக் குறைந்தது. முடி கொட்டியவர்கள் பழைய வடிவத்தில் 66 சதவீதம், புதியதில் 20. கட்டியைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. பதிலுக்கு வந்து சேர்ந்தது, உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோலுரியும் தொல்லை: புதியதில் 48 சதவீதம், பழையதில் 2. பொத்தான் போட முடியாமல், நாலு எட்டு நடக்க முடியாமல் போவதைச் சின்ன விஷயம் என்று அனுபவித்தவர் யாரும் சொல்லமாட்டார். ஆனாலும் இதயம் தளர்வதோடு ஒப்பிட்டால் பலர் இதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். தையல் வேலை செய்பவர் ஒருவேளை தேர்ந்தெடுக்கமாட்டார்.

இவை ஜெயித்தவை. தோற்றவையும் உண்டு. சிஸ்பிளாட்டினை லிப்போசோமில் அடைத்துச் சோதித்தார்கள். வழக்கமாக அது சிறுநீரகத்தைப் படுத்தும் பாடு இந்த வடிவத்தில் பெரிதாக இல்லை. பாதுகாப்புச் சோதனை என்ற அளவில் நல்ல தேர்ச்சி. கட்டி மட்டும் சுருங்கவில்லை. உறை அவ்வளவு கெட்டியாக இருந்ததால் மருந்தே வெளியே வரவில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பாக்லிடாக்சலை விழுங்கும் வடிவில் கொண்டுவர நடந்த முயற்சி வேறு திசையில் கவிழ்ந்தது. ஊசியே வேண்டாம் என்று கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. வெள்ளணுக் குறைவும் அதைத் தொடர்ந்த சிக்கல்களும் ஊசி வடிவத்தைவிட அதிகம் என்ற கவலையால் 2021-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அங்கீகாரம் தர மறுத்துவிட்டது.

பழைய வடிவம் உங்களிடம் ஏன் நின்றது?

என்னைக் கேட்டால், “புதிய வடிவம் பாதுகாப்பானதா” என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஒப்புதல் படிவத்தில் இது இருக்காது. ஏனென்றால் பதில் மருந்திடம் இல்லை, உங்கள் கோப்பில் இருக்கிறது.

பழைய மருந்து நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது, ஆனால் ஒவ்வாமையால் நிறுத்த வேண்டியதாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அல்லது இதயத்தின் இயக்கம் தளர்ந்து நிறுத்தினார்கள். அப்படியென்றால் தடையாக இருந்தது மொந்தை. அந்தத் தடையைத்தான் புது வடிவம் நீக்கப் பார்க்கிறது. இவருக்குச் சோதனையில் சேர நல்ல நியாயம் இருக்கிறது.

மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே கட்டி வளர்ந்தது என்றால் கதை வேறு. புற்றணுக்கள் உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளக் கற்றிருக்கலாம்; மருந்து போய் ஒட்ட வேண்டிய இடத்தின் அமைப்பையே மாற்றியிருக்கலாம். உறை மாறினாலும் உள்ளே போய்த் தாக்குவது அதே மூலக்கூறுதான். கட்டியில் சேரும் அளவு கூடினால் கொஞ்சம் பலன் கிடைக்கலாம் என்ற வாதம் உண்டு. துகள்கள் ஓட்டை விழுந்த ரத்தக் குழாய்கள் வழியே கட்டிக்குள் தங்கிவிடும் என்ற கருத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் மாட்சுமுராவும் மயேதாவும் 1986-ல் முன்வைத்தார்கள். எலிகளில் அது அழகாகப் பலித்தது. மனிதக் கட்டிகளில் ஆளுக்கு ஆள், ஒரே ஆளுக்குள் கட்டிக்குக் கட்டி மாறுகிறது. இந்த வாதத்தை மட்டும் நம்பிச் சேர்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு: பழைய வடிவத்தால் உடம்பில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பாதிப்பு. டாக்சோரூபிசினுக்கு ஆயுள் முழுமைக்குமான வரம்பு சதுர மீட்டருக்குச் சுமார் 450 முதல் 550 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறார்கள். முன்பு வாங்கியதும் அந்தக் கணக்கில் சேரும். நரம்பு மரத்தலும் அப்படித்தான், விட்ட இடத்திலிருந்துதான் தொடரும். விரல் நுனிகள் ஏற்கெனவே உணர்விழந்த ஒருவர் நரம்பைக் கூடுதலாக வாட்டும் வடிவத்துக்குப் போவது, கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்குவது போல.

மூன்று மூன்று பேராக ஏறும் படிக்கட்டு

முதல் கட்டச் சோதனையின் நோக்கம் குணப்படுத்துவதல்ல. எந்த டோஸ் வரை உடம்பு தாங்கும், என்ன மாதிரிப் பாதிப்பு வருகிறது, மருந்து ரத்தத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான். இதை ஒளிக்காமல் சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

பழைய, இன்னும் புழக்கத்தில் இருக்கும் முறை இது. கீழ்ப்படியில் மூன்று பேருக்குக் கொடுப்பார்கள். முதல் சுற்றான மூன்று அல்லது நான்கு வாரங்களுக்குள் யாருக்கும் கடுமையான பாதிப்பு வரவில்லையென்றால் அடுத்த மூவர் மேல்படிக்குப் போவார்கள். ஒருவருக்கு வந்தால் அதே படியில் இன்னும் மூவரைச் சேர்ப்பார்கள். ஆறு பேரில் ஒருவரோடு நின்றால் மேலே ஏறலாம். இரண்டாகிவிட்டால் அந்தப் படி அதிகம் என்று இறங்கிவிடுவார்கள். கணித மாதிரிகளைக் கொண்டு டோஸை நகர்த்தும் புதிய முறைகளும் இப்போது நிறைய வந்துவிட்டன.

மூன்று பேர் என்பது எவ்வளவு சின்ன எண் என்று பாருங்கள். ஒரு டோஸ் உண்மையில் பத்தில் மூவருக்குக் கடும் பாதிப்பு தரக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படியில் வந்த மூவருக்கும் ஒன்றும் ஆகாமல் போவதற்கான வாய்ப்பு 0.7-ஐ மூன்று முறை பெருக்கினால் வருவது: சுமார் 34 சதவீதம். “முந்தைய மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை” என்று கேட்டு ஆறுதல் கொள்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. கண்காணிப்பு முதல் சுற்றில்தான் குவிகிறது. லிப்போசோம் டாக்சோரூபிசினின் கைகால் எரிச்சல் பெரும்பாலும் இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகே வரும். நரம்பு மரத்தலும் மெல்ல மெல்லச் சேர்வதுதான். உறை மாற்றிய மருந்துகள் உடம்பில் நீண்ட நேரம் தங்குவதற்கென்றே செய்யப்பட்டவை என்பதால், தாமதமாக வரும் தொல்லைக்கு இவற்றில் இடம் அதிகம். ஆகவே இரண்டாவது, மூன்றாவது சுற்றைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன ஆனது என்று கேளுங்கள்.

பையில் எழுதியிருக்கும் மில்லிகிராமைப் பழைய மருந்தோடு ஒப்பிடவும் கூடாது. உறைக்குள் அடைபட்ட மருந்து ரத்தத்தில் அளந்தால் நிறையத் தெரியும், ஆனால் வேலை செய்வது வெளியே வந்த பகுதி மட்டும்தான். இரண்டு வடிவத்தையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் விபரீதம் என்பதால்தான் அங்கீகாரம் பெற்ற லிப்போசோம் மருந்துகளின் குறிப்பேட்டிலேயே “ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுக்காதே” என்ற எச்சரிக்கை இருக்கிறது.

இனி நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

பலன் நிரூபிக்கப்பட்ட கீமோ ஒன்று மிச்சமிருந்தால், முதலில் அதுதான். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதன் பலன் சின்னதாகவே இருக்கலாம். ஆனால் நூற்றுக்கணக்கானோரிடம் அளந்த பலன். வடிவம் மாற்றி வெற்றிபெற்ற மருந்தின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்: லிப்போசோம் இரினோடீகானை வேறு இரு மருந்துகளோடு சேர்த்து, முதல் சிகிச்சைக்குப் பிறகு முற்றிய கணையப் புற்றுநோயில் கொடுத்தபோது சராசரி ஆயுள் 4.2 மாதத்திலிருந்து 6.1 ஆனது. 417 பேர் பங்கேற்ற அந்தச் சோதனைக்குப் பின் 2015-ல் அங்கீகாரமும் கிடைத்தது. தனியாகக் கொடுத்தபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கடைசிப் பரீட்சையில் தேறிய மருந்துக்கே கூலி இரண்டு மாதம். முதல் பரீட்சை எழுதும் மருந்திடம் அதைவிட அதிகம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

புத்தம்புது மூலக்கூறின் சோதனையோடு வைத்துப் பார்த்தால் வடிவம் மாற்றியது ஒரு வகையில் மேல். புது மூலக்கூறில் தொடக்க டோஸை விலங்குச் சோதனையிலிருந்து கணக்கிட்டு மிகவும் தாழ்வாக வைப்பார்கள். கீழ்ப்படியில் சேர்பவருக்கு மருந்து கிடைத்தும் கிடைக்காத மாதிரி ஆகிவிடலாம். பழைய மருந்தில் மனித அனுபவம் ஏற்கெனவே இருப்பதால் முதல் படியே உருப்படியான டோஸாக இருக்க இடமுண்டு. அல்புமின் பாக்லிடாக்சல் 135-ல் தொடங்கியதை இதற்காகத்தான் நினைவில் வைக்கச் சொன்னேன். என்ன பாதிப்பு வரக்கூடும் என்பதும் ஓரளவு முன்கூட்டியே தெரியும். இன்னொரு வகையில் இது கீழ்: ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் உங்கள் கட்டியில் இருந்து, அதைக் குறிவைக்கும் புது மருந்து சோதனையில் இருந்தால், பழைய கீமோவின் புது வடிவம் அதற்கு ஈடாகாது. கட்டியின் மரபணுப் பரிசோதனை முடிவு கைக்கு வருமுன் எந்தச் சோதனையிலும் கையெழுத்திட அவசரப்படாதீர்கள் என்பேன்.

எண்களும் அதையே சொல்கின்றன. 1991 முதல் 2002 வரை அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவன ஆதரவில் நடந்த 460 முதல் கட்டச் சோதனைகளில் சுமார் 12,000 பேரின் விவரத்தைத் தொகுத்தார்கள். மொத்தத்தில் கட்டி சுருங்கியவர்கள் 10.6 சதவீதம், ஒரே ஒரு கீமோ மருந்தைச் சோதித்த பாரம்பரியச் சோதனைகளில் 4.4 சதவீதம் மட்டும். மருந்தாலேயே இறந்தவர்கள் 0.49 சதவீதம். அதே நிறுவனத்தின் ஆதரவில் 2000 முதல் 2019 வரை நடந்தவற்றைத் தொகுத்தபோது மரணம் 0.7 சதவீதம், கட்டி சுருங்கும் விகிதம் 2000 - 2005 காலத்தின் 9.6 சதவீதத்திலிருந்து 2013 - 2019 காலத்தில் 18 சதவீதமாக ஏறியிருந்தது. நோய்க்கு நோய் இது வெகுவாக வேறுபடுகிறது, ஆகவே மொத்த எண்ணைத் தன் எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான்காவது வழியைப் பற்றிப் பேசும்போது, “கைவிட்டுவிடுவது” என்ற சொல் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. வலி தணிப்புச் சிகிச்சை மற்ற மூன்றுக்கும் எதிரியல்ல. மூன்றோடும் சேர்ந்தே நடக்கலாம், நடக்க வேண்டும். பரவிய நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலேயே இதையும் பெற்றவர்கள் நிம்மதியாக இருந்தது மட்டுமல்ல, சராசரியாக 11.6 மாதம் வாழ்ந்தார்கள், பெறாதவர்கள் 8.9 மாதம். எதிர்ப்புறத்தில், இறுதிக் காலத்தில் கீமோ வாங்கியவர்களை ஆராய்ந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், ஓரளவு நடமாட்டத்தோடு நல்ல நிலையில் இருந்தவர்களுக்குத்தான் கீமோவால் கடைசி வாரத்தின் வாழ்க்கைத் தரம் கெட்டது. தெம்பாக இருப்பவருக்குக் கீமோ கொடுத்தால் என்ன நஷ்டம் என்று நினைப்பவர்களை அது யோசிக்க வைத்தது. பாதி நாளுக்கு மேல் படுக்கையில் கழிப்பவரை எந்த முதல் கட்டச் சோதனையும் பெரும்பாலும் சேர்க்காது. அவருக்கு இந்த விவாதமே வேண்டியதில்லை.

நாட்களின் கணக்கு

ஒப்பீடுகளில் பெரும்பாலும் விட்டுப்போவது நேரம். முந்தைய கீமோ உடம்பை விட்டு வெளியேற மூன்று நான்கு வாரம் காத்திருக்கச் சொல்வார்கள். அதற்குள் தகுதிப் பரிசோதனை, ஸ்கேன், சில சமயம் புதிதாக பயாப்சி. பிறகு மருந்து ஏற்றும் நாளில் அரை மணிக்கொரு முறை, மணிக்கொரு முறை ரத்தம் எடுப்பார்கள். மறுநாளும் வரச்சொல்வார்கள், நீண்ட நேரம் தங்கும் மருந்தென்றால் அதற்கடுத்த நாட்களும். அங்கீகாரம் பெற்ற கீமோவில் மூன்று வாரத்துக்கு ஒருநாள் போகிற இடத்தில், இங்கே முதல் மாதத்திலேயே எட்டுப் பத்து நாள் போய்விடலாம். ஆறு மாதம் என்று கணக்கிடும் ஒருவருக்கு இது சில்லறைச் செலவல்ல.

காத்திருக்கும் இந்த நாட்களில் நோய் மோசமானால், சோதனைக்கும் தகுதி போய், மிச்சமிருந்த கீமோவுக்கும் தெம்பு போய்விடும் அபாயம் உண்டு. வேகமாக வளரும் கட்டி உள்ளவர் மருத்துவரிடம் இதை வெளிப்படையாகக் கேட்டுவிட வேண்டும். மெதுவாக வளரும் கட்டிக்கு இந்தக் கவலை குறைவு.

இப்போது முதலில் சொன்ன குடும்பத்துக்கு வருவோம். பழைய வடிவத்தைக் கரைப்பான் ஒவ்வாமையால் நிறுத்தியவர், எழுந்து நடமாடுகிறவர், வேறு அங்கீகாரம் பெற்ற மருந்து இல்லாதவர், நரம்பு இன்னும் நன்றாக இருப்பவர்: நானாக இருந்தால் சோதனைக்குச் சம்மதிப்பேன், கூடவே வலி தணிப்பு மருத்துவரையும் அன்றே பார்ப்பேன். அதே மருந்து ஏறும்போதே கட்டி வளர்ந்தவர்: சம்மதிக்கமாட்டேன், வேறு வகை மருந்தின் சோதனை உண்டா என்று தேடுவேன். நடுவில் இருப்பவர்களுக்கு எந்தப் படியில் இடம் தருகிறார்கள் என்பதே தீர்மானமாகலாம். படிகளெல்லாம் ஏறி முடித்து, டோஸ் முடிவாகி, அதே டோஸில் இன்னும் பலரைச் சேர்க்கும் விரிவாக்கக் கட்டம் என்று ஒன்று வரும். அதில் சேர்வது, யாரும் ஏறாத படியில் முதல் ஆளாக நிற்பதைவிட எவ்வளவோ தெளிவானது. சில வாரம் பொறுத்தால் அந்தக் கட்டம் திறக்குமா என்று சோதனை ஒருங்கிணைப்பாளரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். அவரிடம் பட்டியல் இருக்கும். கையெழுத்திட்ட பிறகும் எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம்; விலகும் நாளில் எந்த மருத்துவர் உங்களைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்பதைச் சேரும் நாளிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.